ஒரு மீனும் பல பெயர்களும்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியைச் சார்ந்த கரியாஹாட் சந்தையில், மழைக்காலம் வந்தால் இலிஷ் மீனுக்குக் கூட்டம் கூடும். தமிழர் அதனை உள்ளம் மீன் என்பர். கோதாவரிக் கரையில் அது புலசா. அறிவியலார்க்கோ மூன்றும் 'டெனுவலோசா இலிஷா' என்னும் ஒரே இனம்.

இதனைக் கணினிக்கு உணர்த்தவே, பொருளுணர் வலைக்கான துறைச்சொல் தொகுதிகள் அமைக்கப்படுகின்றன. அவை வெறும் அகராதிகள் அல்ல. எச்சொல் எதற்கு மறுபெயர், எது எதன் வகை என்னும் உறவுகளையும் குறிப்பவை. அவற்றை எழுதும் முறையாக 'ஸ்கோஸ்' என்னும் நெறி 2009-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தால் ஏற்கப்பட்டது.

நெறி மட்டும் போதாது. கடலிலிருந்து கோதாவரிக்குள் ஏறிவந்த மீனையே ஆந்திர மக்கள் புலசா என்பர். கடலில் பிடிபட்டதை அவ்வாறு அழையார். வங்காளத்தின் 'கோகா இலிஷ்' என்பதோ வளராத இளமீன். இவ்விரண்டையும் இலிஷின் மறுபெயர்கள் என எழுதிவிடுதல் எளிது, ஆனால் பிழை. மேற்கு வங்கத்தில் 23 செ.மீ.க்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கத் தடை உண்டு. வேறுபாட்டை அழித்துவிட்ட தொகுதியைக் கொண்டு, சந்தைக்கு வந்தது வளர்ந்த மீனா, இளமீனா என்று கணினி எவ்வாறு கூறும்?

பாலிகஞ்சிலேயே கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி உள்ளது. சந்தையும் தொலைவில் இல்லை. சொல் தொகுப்போர் முதலில் மீன் விற்பவரிடம் செல்லட்டும். பேராசிரியரிடம் அதன்பின் செல்லலாம்.