பஸ் ஸ்டாப்பில் வந்த பதில்!



செமஸ்டர் எக்ஸாம். கேள்வி எண் 13. பார்த்ததுமே உங்களுக்குச் சந்தோஷம். நேற்று ராத்திரி படித்த அதே கேள்வி! இடது பக்கம், மேல் மூலை, பக்கத்திலேயே ஒரு படம், அதன் மேல் நீங்க சிந்திய டீ கறை... எல்லாம் ஞாபகம் வருது. பதில் மட்டும் வரலை. மின்விசிறியைப் பார்க்கிறீங்க, பேனா மூடியைக் கடிக்கிறீங்க. ம்ஹூம்! பேப்பரைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றதும், டக்குனு மொத்தப் பதிலும் வரிசையா வந்து நிற்குது. அப்போ வருமே ஒரு கோபம்!

செகண்ட் இயர் படிக்கும் ஒரு தோழி எழுதியிருக்கிறார்: 'ரெண்டு அரியர் விழுந்திருச்சு. விடிய விடியப் படிச்சாலும் ஹாலுக்குள்ளே எல்லாம் பிளாங்க். வெளியே வந்தா ஞாபகம் வருது. எனக்கு ஞாபக சக்தியே கிடையாது போல. பேசாம காலேஜை விட்டுடலாமான்னு இருக்கு.'

அவசரப்படாதீங்க தோழி! உங்க கடிதத்திலேயே பதில் இருக்கு. கொஞ்சம் சுத்தி வளைச்சுச் சொல்றேன்.

ஞாபகம் என்பது ஒரே வேலை இல்லை, மூன்று வேலை. உள்ளே போடணும், பத்திரமா வைக்கணும், கேட்கும்போது எடுத்துக் கொடுக்கணும். மூன்றில் எது சொதப்பினாலும் நாம் 'மறந்து போச்சு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

பத்திரமா வைக்கும் வேலையே நின்றுபோனால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு நடந்தது அதுதான். வலிப்பு நோய் தாங்க முடியாமல் 1953-ல், 27 வயதில் மூளையில் ஆபரேஷன் செய்துகொண்டார். இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன் பிறகு புதிதாக எதுவும் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியல் நிபுணர் வருடக்கணக்கில் அவரைச் சந்தித்தார். ஒவ்வொரு முறையும் புது ஆளைப் பார்ப்பது போலத்தான் பேசினார் ஹென்றி!

ஆச்சரியம் என்ன தெரியுமா? கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரப் படத்தின் மேல் கோடு போடும் பயிற்சி கொடுத்தார் மில்னர். நாளுக்கு நாள் ஹென்றி நன்றாகவே போட்டார். 'இதை முன்னாடி செஞ்சதே இல்லையே' என்று சொல்லிக்கொண்டே! கை பழகும் ஞாபகம் வேறு, படிக்கும் ஞாபகம் வேறு என்று உலகத்துக்குத் தெரிய வைத்த மனிதர் அவர். 2008-ல் இறந்தார்.

நம்ம கதை அவ்வளவு மோசமில்லை பாஸ். நமக்குத் தகராறு முதல் வேலையிலும் மூன்றாவது வேலையிலும்தான்.

ஜெர்மனியில் எப்பிங்ஹாஸ் என்று ஒரு மனிதர். அர்த்தமே இல்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோம் என்று தன்னையே வைத்துச் சோதித்தார். மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதுதான் அவரது அளவுகோல். 1885-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி. ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு காலி! அதன் பிறகு மறக்கும் வேகம் குறைகிறது. இதில் நல்ல செய்தியும் உண்டு. சுத்தமா மறந்த மாதிரி இருந்தாலும், இரண்டாவது முறை படிக்கும்போது சீக்கிரம் ஏறுகிறது. அதாவது, சுவடு உள்ளேதான் இருக்கு.

அப்போ நாலு தடவை படித்தால் போதுமா? அங்கேதான் மாட்டிக்கிறோம். திரும்பத் திரும்பப் படித்தால் பக்கம் பழகிவிடுகிறது. டீ கறை வரைக்கும் ஞாபகம் வருவது அதனால்தான். 'இது தெரியும்' என்று மனசு ஏமாறுகிறது. பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் சொல்வது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை!

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். ஒரு பாடத்தைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒரு முறை படித்து, அதை மூடிவிட்டு ஞாபகம் வந்ததை வெள்ளைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து டெஸ்ட் வைத்தால், இரண்டு முறை படித்தவர்கள் கொஞ்சம் முன்னே: 81-க்கு 75 சதவிகிதம். ஒரு வாரம் கழித்து? கதை தலைகீழ்! எழுதிப் பார்த்தவர்களுக்கு 56, படித்தவர்களுக்கு 42.

எடுப்பதற்கும் பழக்கம் வேணும். அவ்வளவுதான் ரகசியம்.

இதோடு இரண்டு வில்லன்கள். ஒன்று, பயம். பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால், உள்ளே இருப்பதை எடுக்கவிடாமல் செய்யும். பஸ் ஸ்டாப்பில் பயம் போனது, பதில் வந்தது! இன்னொன்று, நைட் அவுட். அன்று படித்ததை மூளை பலப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. விடிய விடியப் படிப்பது, சிமென்ட் பூசின கையோடு தண்ணி ஊற்றாமல் விடுகிற மாதிரி.

அதனால தோழி, வெளியே வந்ததும் பதில் வந்ததே, அது உள்ளே இல்லாமலா வந்தது? உங்க ஞாபக சக்திக்கு ஒண்ணும் ஆகலை. எடுக்கிற பழக்கம்தான் பாக்கி. ஒரு யூனிட் படிச்சதும் புத்தகத்தை மூடிட்டு எழுதிப் பாருங்க. மறுநாள் ஒரு தடவை, மூணு நாள் விட்டு ஒரு தடவை. ஆரம்பத்தில் பாதி கூட வராது. அழுகையா வரும். வரட்டும்! அப்படித் திணறித் தேடுவதே பயிற்சிதான். ஹாலில் பிளாங்க் ஆனால் கொஞ்சம் இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போங்க, அப்புறம் திரும்பி வாங்க. பஸ் ஸ்டாப் வரை காத்திருக்க வேண்டாம்.

நானும் அரியர் வைத்தவன்தான். மூன்று கலர் மார்க்கர் போட்டு, புத்தகத்தையே ஹோலி கொண்டாட வைத்தும் கோட்டை விட்டேன். இரண்டாவது அட்டெம்ப்ட்டில் என்னைத் தூக்கிவிட்டது கலர் இல்லை, வெள்ளைத் தாள்!

சரி, இப்போ பத்திரிகையை மூடுங்க. ஹென்றிக்கு என்ன ஆச்சு? எப்பிங்ஹாஸ் என்ன கண்டுபிடிச்சார்? 56 யாருக்கு, 42 யாருக்கு? ஒரு தாளில் எழுதுங்க. எழுத வரலையா? டென்ஷன் ஆகாதீங்க. நாளைக்கு இன்னொரு தடவை!