வீட்டுப் படப்பேழை

பொருள்களைத் தேடித் தொகுத்து வைத்தல் மக்கட்கு இயல்பாயமைந்த குணங்களுள் ஒன்றாகும். நாணயஞ் சேர்ப்பாரும், தபால் முத்திரை சேர்ப்பாரும், நூல் சேர்ப்பாரும் எந்நாட்டினும் உளர். இவர்தம் வரிசையிலே காலத்தாற் பிந்தி வந்து சேர்ந்தோர், திரைப்படங்களைத் தம் இல்லத்தே தொகுத்து வைப்போர். இவர் வழக்கத்தைச் சிறுபிள்ளை விளையாட்டென்று நகுவாரும், கைப்பொருளைப் பாழாக்கும் பித்தென்று வெறுப்பாரும் நம்மிடையே உண்டு. அவ்விரு கூற்றும் முற்றும் பொருந்தா என்பதையும், படஞ் சேர்ப்போர் யாவரும் ஒரு தன்மையர் அல்லர் என்பதையும், அவருள் எத்திறத்தார் கலைக்கு உற்ற துணைவர் ஆவர் என்பதையும் ஈண்டு யாம் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படங்காட்டிய காலந்தொட்டு, திரைப்படம் என்பது பலர் ஓரிடத்துக் கூடிக் கண்டு கலையும் காட்சியாகவே இருந்தது. கூத்து முடிந்தபின் கூத்தர் ஊரை விட்டு அகலுதல்போலப் படமும் கொட்டகையை விட்டு அகன்றது. கண்டார் நெஞ்சில் நினைவொன்றே எஞ்சிற்று. 1922ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தார் 9.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு சுருளையும், மறு ஆண்டில் அமெரிக்கக் கோடக் நிறுவனத்தார் 16 மில்லிமீட்டர்ச் சுருளையும் வெளியிட்ட பின்னரே படம் வீட்டு வாயிலை மிதித்தது. எனினும் அது செல்வர்க்கே எளிதாயிருந்தது. 1975இல் பீட்டாமாக்ஸும், 1976இல் வி.எச்.எஸ்ஸும் ஆகிய காந்தநாடாக் காசட்டுகள் ஜப்பான் தேசத்திலிருந்து வெளிப்போந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பத்தாரும் படத்தைத் தம் கைப்பொருளாகக் கொள்ளலாயினர். நம் ஊர்களிலே 1980ஆம் ஆண்டுகளில் 'டெக்' எனப்பட்ட கருவியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, தெருவார் பலரும் ஒரு வீட்டிற் கூடி, விடியுமளவும் படத்தின்மேற் படமாகக் கண்ட காட்சியை நம் பழைய மாணவர் பலர் நன்கறிவர். பின்னர்க் குறுந்தகடு வந்தது, டி.வி.டி. வந்தது, 2006இல் புளூரே வந்தது. வாயில் இங்ஙனம் அகலத் திறந்தமையின் சேர்ப்போரும் பல்கினர். அவர்தம் வகைகளை இனிக் காண்போம்.

முதல்வகையார் எண்ணிக்கையை விரும்புவோர். இவர் வீட்டு அலமாரியில் தகடுகள் செங்கல் அடுக்கியதுபோல் நிற்கும். பலவற்றின் மேலுறை பிரிக்கப்பட்டிராது. 'எத்தனை கண்டீர்?' என வினவினால் 'எத்தனை வைத்திருக்கிறேன்' என்றே விடை வரும். இக்காலத்து மாணவருள் இவர்க்கு அலமாரியும் வேண்டுவதின்று. உள்ளங்கையில் அடங்கும் ஹார்டு டிஸ்க் ஒன்றிலே ஆயுள் முழுதுங் கண்டாலும் தீராத படங்களை நிரப்பிவைத்து, இன்று எதைப் பார்ப்பது என்று தேடுதலிலேயே மாலைப்பொழுதைக் கழித்து உறங்கச் செல்வர்.

இரண்டாம் வகையார் செப்பத்தை நாடுவோர். ஒரே படத்தைக் காசட்டாகவும், லேசர் தகடாகவும், டி.வி.டி.யாகவும், புளூரேயாகவும் மும்முறை நான்முறை வாங்குவோர் இவரே. இவரை ஊதாரிகள் என்று ஒதுக்குதல் எளிது. ஆனால், படத்தின் ஓரங்களை வெட்டாது முழுச் சட்டமாகக் காட்டல் வேண்டும், நிறமும் ஒலியும் படைத்தோன் கருதியவாறே இருத்தல் வேண்டும் என்று விற்போரை வற்புறுத்தியவரும் இவரே. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கிரைடீரியன் பதிப்பகத்தார் 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' என்னும் பழம்படங்களை லேசர் தகட்டில் வெளியிட்டு, பின்னதற்கு அறிஞர் ஒருவரின் விளக்கவுரையையும் தனியொலியாகச் சேர்த்தனர். மூலமும் உரையும் சேர்ந்த நூற்பதிப்புப்போலத் திரைப்படமும் பதிப்புப் பெறலாயிற்று. இதற்கு விலைகொடுத்து ஊக்கமளித்தவர் இச்செப்பம் நாடுவோரேயாவர்.

மூன்றாம் வகையார் ஒன்றையே இறுகப் பற்றுவோர். ஒரு நடிகர், ஓர் இயக்குநர், சிலகால் ஒரே ஒரு படம் இவர்க்கு உலகமாகும். இதன் பயனைக் காட்டவல்லது கெவின் பிரௌன்லோ என்னும் ஆங்கிலேயர் வரலாறு. பள்ளி மாணவராயிருந்த அவர்க்கு 1954ஆம் ஆண்டில், அபெல் கான்ஸ் 1927இல் இயற்றிய 'நெப்போலியன்' என்னும் பேசாப்படத்தின் துண்டுகள் 9.5 மில்லிமீட்டர் வீட்டுச் சுருளாகக் கிடைத்தன. அச்சிறு துண்டுகளின் அழகில் ஈடுபட்ட இளைஞர், எஞ்சியவற்றைத் தேடுதலையே தம் வாழ்நாட் பணியாக மேற்கொண்டார். சிதறிக் கிடந்த அப்படம் அவர் முயற்சியால் இணைக்கப்பெற்று, 1979இல் அமெரிக்காவின் டெல்யுரைடு நகரத்திலே, முதுமையுற்றிருந்த கான்ஸும் காணத் திரையேறியது. பள்ளிச் சிறுவன் ஒருவனது வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு பெருங்காப்பியம் மீண்டெழுந்தது என்றே கூறலாம்.

நான்காம் வகையார் சிலவே வைத்துப் பலகாற் காண்போர். பத்துப் படங்கள் இருப்பின் பத்தும் இவர்க்கு மனப்பாடம். மழைபெய்யும் நாளுக்கு ஒன்று, உறவினர் வரும் நாளுக்கு ஒன்று, உடல்நலங் குன்றிய நாளுக்கு ஒன்று என வகுத்திருப்பர். நாடா தேய்ந்து கோடுகள் விழுந்தாலும் இவர்க்குக் குறையில்லை. இவரை யாம் பெரிதும் மதிக்கின்றோம். ஒரு கலையை உடைமையாக்குவது விலையன்று, பழக்கமேயாதலின்.

ஐந்தாம் வகையார் ஒன்றையுங் கழியாதோர். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் அம்மையார் முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை இரவும் பகலும் பதிவு செய்து, 2012இல் இறந்தபோது ஏறத்தாழ 70,000 காசட்டுகளை விட்டுச் சென்றார். வாழுங்காலத்துப் பித்தென்று கருதப்பட்டது, பின்னர் வரலாற்று மூலமாக ஏற்கப்பட்டு, இணைய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. நம்மவருள் பிலிம் நியூஸ் ஆனந்தன் அவர்கள் தமிழ்ப் படங்களின் புகைப்படங்களையும் செய்திகளையும் பல்லாண்டு சேர்த்துவைத்தனர். அத்தொகுதியைத் தமிழ்நாட்டு அரசினர் பெற்றுக்கொண்டனர். தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவார் அவர்க்குக் கடன்பட்டவரே.

ஆறாம் வகையார் வழங்குவோர். இங்கிலாந்திற் பிறந்து நியூயார்க்கிற் குடியேறிய வில்லியம் எவர்சன் (1929–1996) பழம்படச் சுருள்கள் பல்லாயிரத்தைத் தம் இல்லத்தே வைத்திருந்தார். அவர் அவற்றைப் பூட்டிவைக்கவில்லை. மாணவர்க்கும் கழகங்கட்கும் காட்டினார், ஆராய்வார்க்கு இரவலாகவும் கொடுத்தார். பெட்டியிற் கிடக்கும் சுருள் வெறும் நாடா. பிறர் காணும்பொழுதே அது படமாகின்றது என்பதை உணர்ந்தவர் அவர்.

ஏழாம் வகையார் ஒன்றும் வையாதோர். திங்கள்தோறும் சந்தா செலுத்தினால் வேண்டிய படம் கைப்பேசியிலே வந்து நிற்குமாதலின், வைத்துக் காத்தல் வீண்சுமை என்பது இவர் கொள்கை. இன்றைய மாணவருட் பெரும்பாலார் இவ்வகையினரே. இவர்பால் நாம் குறைகூறுவதற்கு முன் ஒன்றை நினைவுறுத்தல் தகும். சந்தாவால் வருவது இரவல். தருவோன் விரும்பியபோது நிறுத்தலாம். விலைகொடுத்து 'வாங்கியதாக' எண்ணும் மின்படமும் உரிமமேயன்றி உடைமையன்று. வாங்குவோர் இதனை அறியாது மயங்குதலைக் கண்டே, கலிபோர்னிய மாகாணத்தார் 2024இல் ஒரு சட்டமியற்றி, விற்போர் இவ்வுண்மையை வெளிப்படையாய்க் கூறல் வேண்டுமென்று விதித்தனர். அண்டை வீட்டு விளக்கின் ஒளியிற் படிப்பவன், அவ்வீட்டார் விளக்கணைக்கும் நேரத்தில் நூலை மூடத்தானே வேண்டும்?

இவ்வேழு வகையாருள் யாரைப் போற்றுவது? விடை காண்பதற்குத் தமிழர் வேற்றுநாடு செல்ல வேண்டுவதின்று. நம் ஓலைச்சுவடிகளின் கதையே போதும். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் (1855–1942) ஊர் ஊராய்ச் சென்று ஏடு தேடியபொழுது கண்ட வீடுகள் பலதிறத்தன. சில வீடுகளில் ஏடுகள் பரணிற் கிடந்து செல்லுக்கு இரையாயின. சிலர் ஆடிப்பெருக்கில் அவற்றை ஆற்றில் விட்டனர். சிலர் தாமும் படியாது பிறர்க்கும் ஈயாது வைக்கோற்போர் நாய்போலக் காத்தனர். சிலரோ முகமலர்ந்து எடுத்துக் கொடுத்தனர். அங்ஙனங் கொடுத்தார் இலரேல் 1894இல் புறநானூறு அச்சேறியிராது. ஏட்டைச் சேர்த்தவனால் மட்டும் நூல் வாழ்ந்ததில்லை. பழைய ஏடு சிதையுமுன் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதியவனாலும், கேட்டார்க்கு ஈந்தவனாலுமே வாழ்ந்தது.

திரைப்படத்திற்கும் இஃதே நியதி. தமிழகத்தில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' என்னும் முதற் பேசாப்படம் இன்று காண்பதற்கில்லை. 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' என்னும் முதற் பேசும்படத்தின் கதியும் அதுவே. நாகர்கோயிற் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்டவர்மா' என்னும் பேசாப்படமோ பிழைத்தது. அது பிழைத்த வகை வியப்பிற்குரியது. மூலநாவலின் உரிமைபற்றி எழுந்த வழக்கினால் படச்சுருள் நூற்பதிப்பகத்தார் ஒருவர் வசம் தங்கிவிட்டது. 1974ஆம் ஆண்டில் புனே நகரத்துத் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் அதனைப் பெற்றது. 1964இல் நிறுவப்பட்ட அக்காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயர் (1933–2016) அவர்களும் இளமையிலே கொட்டகைச் சீட்டுகளைச் சேர்த்த சிறுவர்தாம். இவ்வாறே, ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் 1927இல் இயற்றிப் பின்னர்ப் பிறரால் வெட்டிச் சிதைக்கப்பட்ட 'மெட்ரோபொலிஸ்' என்னும் படத்தின் இழந்த பகுதிகள், அர்ஜென்டினாவில் மானுவேல் பேன்யா ரோட்ரிகேஸ் என்னும் விமரிசகர் சேர்த்துவைத்திருந்த சுருளின் வழியே வந்த பிரதியில் 2008ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. பெருநிறுவனங்கள் காவாது விட்டதை ஒரு தனியாள் வீட்டிற் காத்தமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும் காத்தல் எளிதன்று. பழைய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். 2003ஆம் ஆண்டு ஜனவரித் திங்களிற் புனேயில் நேர்ந்த தீயில் அத்தகைய சுருள்கள் பல அழிந்தன. பின்வந்த அஸிடேட் சுருள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் புளித்துக் காடிமணம் வீசிச் சுருங்கும். காந்தநாடாவிற் பூஞ்சை படரும். நம் நாட்டுக் கடற்கரை ஊர்களில் அது விரைந்து படரும். நாடா நன்றாயிருப்பினும் ஓட்டுதற்குக் கருவி வேண்டும், வி.சி.ஆர். கருவி செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானியப் புனாய் 2016ஆம் ஆண்டு ஜூலைத் திங்களோடு அத்தொழிலை நிறுத்திற்று. ஆதலின் பெட்டியிற் பூட்டிவைத்தேம், இனிக் கவலையில்லை என்றிருத்தல் பேதைமை. ஓலையைப் பெயர்த்தெழுதிய நம் முன்னோர்போல நாடாவைப் பெயர்த்துப் பதிந்துகொண்டே இருத்தல் வேண்டும்.

வழங்குதல் என்று யாம் கூறியதைச் சிலர் தமக்கு வசதியாகக் கொள்ளவுங் கூடும். நேற்று வெளிவந்த படத்தைக் கொட்டகையில் ஒளிந்து பதிந்து இன்று விடுதியெங்கும் பரப்புதல் வழங்குதலன்று, திருட்டு. அப்படத்திற்கு விளக்குப் பிடித்தவன், தச்சுவேலை செய்தவன் முதலாயினார் கூலியும் அதனுள் அடங்கும். நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, திரைப்படத்தின் உரிமை அது வெளிவந்த மறு ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நிற்கும். அதன்பின் அது பொதுச்சொத்து. அங்ஙனம் பொதுச்சொத்தாகிய பழம்படங்களைத் தேடித் திருத்திப் பலர்க்கும் காட்டுதலே மாணவர்க்கு அழகு.

இறுதியாக, வீட்டுப் பேழையிற் கிடப்பவற்றுள் கடையில் வாங்கப் பெறாதனவும் உண்டு என்பதை மறவாதிருப்போமாக. பாட்டனார் மணிவிழா, தமக்கையார் திருமணம், ஊர்த் தேரோட்டம், பள்ளி நாடகம் ஆகியவற்றின் வீடியோ காசட்டுகள் அவை. 'நெப்போலியன்' படத்திற்கு உலகெங்கும் துண்டுகள் கிடந்தன. இவற்றிற்கோ வேறு பிரதியே இல்லை. அவற்றுள் இன்று இல்லாதார் நடக்கின்றனர், நகுகின்றனர், பேசுகின்றனர். ஊர் வழக்கும், உடையும், பந்தியிற் பரிமாறிய முறையும், அக்காலத்துப் பேச்சும் அவற்றிலே உறைந்துள்ளன. வீட்டைத் துப்புரவு செய்யும்போது முதலில் தெருவில் எறியப்படுவனவும் அவையே.

ஆதலின் நம் மாணவர்க்கு யாம் கூறுவன மூன்று. ஆயிரம் படங்களைச் சேர்க்க வேண்டா. உள்ளத்திற்கு உகந்த பத்தினை நேரிய வழியில் வாங்கி உடைமையாக வைத்துப் பலகாற் காண்க. விடுமுறைக்கு இல்லஞ் சென்றால், பரணிலுள்ள காசட்டுகளைக் கீழிறக்கி, இன்னது இன்னாளினது என்று பெரியோர் உள்ளபொழுதே கேட்டெழுதி, புதிய தட்டிற் பெயர்த்துக்கொள்க. பெயர்த்ததை ஒன்றுக்கு இரண்டாய் வேறு வேறிடத்தே வைத்து, உறவினரோடு கூடியிருந்து காண்க. பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: நம் கல்லூரியின் பழைய நாடகங்களையும் ஆண்டுவிழாக்களையும் பதிவு செய்தவர் உம்முள் இருப்பின், அப்பதிவின் ஒரு பிரதியைக் கல்லூரி நூல்நிலையத்திற்கு உதவுவீராக. ஏடு வாழ்ந்தது எண்ணிக்கையாலன்று. எடுத்துப் படித்தவராலும் எடுத்துக் கொடுத்தவராலுமே. நம் காலத்து ஏடுகளுக்கும் அவ்விருவரே வேண்டப்படுவர்.