பழைய பாட்டு, புது விளக்கு!
கிறிஸ்துமஸ் அலங்காரம் பெரிய வியாபாரம் ஆன கதை

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் போதும். அமெரிக்காவின் பெரிய பொழுதுபோக்குப் பூங்காக்களில் ஒரே பரபரப்பு!

கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் ஆறேழு வாரம் இருக்கும். அதற்குள் மரத்துக்கு மரம் சர விளக்குகள் ஏறிவிடும். கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள டிஸ்னிலாந்து பூங்காவில் 60 அடி உயரமுள்ள கிறிஸ்துமஸ் மரம் ஒன்று நிமிர்ந்து நிற்கும். அது மண்ணில் முளைத்த மரம் அல்ல, மனிதன் செய்த மரம்! பனியே பெய்யாத ஊர்களில்கூட, சோப்பு நுரையை ஊதிப் பனி பெய்ய வைக்கிறார்கள். செடி மறைவில் இருக்கும் ஒலிபெருக்கிகள் பாடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பாட்டுகளைக் காது கொடுத்துக் கேட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. விளக்குகள் புத்தம் புதியவை. பாட்டுகளோ மிகப் பழையவை! இன்றைய தாத்தா பாட்டிகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வெளிவந்தவை அவற்றில் பல.

புதுமையை விற்றுப் பிழைக்கும் இடத்தில் பழைய பாட்டுக்கு என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், பண்டிகையும் பணமும் எப்படிக் கை கோத்தன என்பது விளங்கும்.

ஒரு டாலர் பூங்கா

மிக்கி மவுஸ் என்ற எலியைப் படைத்து உலகத்தைச் சிரிக்க வைத்தவர் வால்ட் டிஸ்னி. அவர் 1955-ம் ஆண்டு ஜூலை மாதம் டிஸ்னிலாந்தைத் திறந்தார். உள்ளே நுழையப் பெரியவர்களுக்கு ஒரு டாலர். குழந்தைகளுக்கு அரை டாலர். ராட்டினம் முதலியவற்றில் ஏறத் தனியாகச் சீட்டு வாங்க வேண்டும்.

கோடை விடுமுறையில் பூங்காக்களில் கூட்டம் அலைமோதும். ஆனால் டிசம்பர் மாதத் தொடக்கத்தில்? பள்ளிக்கூடங்கள் நடந்துகொண்டிருக்கும். குளிர் வேறு. கூட்டம் குறைந்துவிடும். குளிர் கடுமையான ஊர்களில் பூங்காக்களைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

காலியாகக் கிடக்கும் அந்த நாட்களுக்கு ஆட்களை வரவழைப்பது எப்படி? அதற்குக் கிடைத்த வழிதான் கிறிஸ்துமஸ் அலங்காரம். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும். இருட்டினால்தானே விளக்குக்கு மதிப்பு! எது குறையாக இருந்ததோ, அதுவே மூலதனம் ஆயிற்று.

மகள் கேட்ட வரம்

இந்த விளக்கு வியாபாரத்தில் சுவையான அத்தியாயம் ஒன்று உண்டு. அது பூங்காவில் தொடங்கவில்லை. ஒரு வீட்டில் தொடங்கியது.

அர்க்கன்சாஸ் மாநிலத்தின் தலைநகர் லிட்டில் ராக். அங்கே ஜென்னிங்ஸ் ஆஸ்பர்ன் என்று ஒரு செல்வந்தர் இருந்தார். மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு நிறுவனம் நடத்தியவர். அவருக்கு ஒரே மகள். "அப்பா! நம் வீட்டுக்கு விளக்கு அலங்காரம் செய்யலாமா?" என்று 1986-ம் ஆண்டு அந்தச் சிறுமி கேட்டாள். தகப்பனார் 1,000 விளக்குகளை வாங்கிக் கட்டினார்.

அடுத்த ஆண்டு விளக்கு கூடியது. அதற்கடுத்த ஆண்டு இன்னும் கூடியது. வீட்டில் இடம் போதவில்லை. இரு பக்கமும் இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி அங்கேயும் கட்டினார்! 1993-ம் ஆண்டுக்குள் விளக்குகளின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. வேடிக்கை பார்க்க வெளியூர்களில் இருந்தும் கார்கள் வரிசை வரிசையாக வந்தன.

கோர்ட்டில் வழக்கு

ஊருக்கு வேடிக்கை, அக்கம்பக்கத்தாருக்கு வேதனை! மாலையானால் தெரு அடைபட்டுவிடும். வேலை முடிந்து வருகிறவர் தம் வீட்டு வாசலை அடைய முடியாது. அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் வர வேண்டுமானால் என்ன செய்வது?

பக்கத்து வீட்டார் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆஸ்பர்ன் விட்டுக்கொடுக்கவில்லை. வழக்கு மாநில சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1994-ம் ஆண்டு அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அமெரிக்க நாட்டின் சுப்ரீம் கோர்ட்டையும் தட்டிப் பார்த்தார். அங்கும் கதவு திறக்கவில்லை.

பண்டிகை கொண்டாட யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் அமைதியைக் கெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. வழக்கு உணர்த்திய நீதி இதுவே.

பூங்கா அழைத்தது

வழக்குச் செய்தி நாடெங்கும் பரவியது. டிஸ்னி நிறுவனத்தாரின் காதிலும் விழுந்தது. விளக்குகளைத் தங்கள் பூங்காவுக்குக் கொடுக்கும்படி ஆஸ்பர்னை அழைத்தார்கள். 1995-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் முதல் புளோரிடா மாநிலத்தில் உள்ள டிஸ்னியின் சினிமாப் பூங்காவில் அந்த விளக்குகள் எரிந்தன.

தெருவிலே எரிந்தபோது தொல்லை. பூங்காவிலே எரிந்தபோது வருமானம்! என்ன வேறுபாடு? பூங்காவில் கார் நிறுத்த இடம் இருக்கிறது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆட்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் டிக்கெட் இருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விளக்குகளைப் பார்க்கத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. பூங்கா டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் பார்க்கலாம். 20 ஆண்டுக் காலம் இப்படி நடந்தது. 2011-ம் ஆண்டு ஆஸ்பர்ன் காலமானார். 2016-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் விளக்குகளும் அணைந்தன. அந்த இடத்தில் புதிய கேளிக்கைகளைக் கட்டப் போகிறோம் என்றது நிர்வாகம்.

விளக்கை ஆட வைத்த இசை

இதற்கிடையே இன்னொரு மாறுதல் நடந்தது. ஒகையோ மாநிலத்தில் ஒருவர் தம் வீட்டில் சுமார் 16,000 விளக்குகளைக் கட்டினார். அவற்றைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார். 'டிரான்ஸ் சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ரா' என்ற ராக் இசைக் குழுவின் இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டார். மின்சார கிட்டாரும் முரசும் முழங்க முழங்க, அந்தத் தாளத்துக்கு விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. வீடே நடனம் ஆடுவது போல இருந்தது!

2005-ம் ஆண்டு அந்தக் காட்சி இன்டர்நெட்டில் பரவியது. கூட்டம் திரண்டது. மீண்டும் பழைய கதைதான். போக்குவரத்து நெரிசல் தாங்காமல் வீட்டுக்காரரே விளக்கை நிறுத்திவிட்டார்.

மறு ஆண்டு, 2006-ல், டிஸ்னி பூங்காவில் ஆஸ்பர்ன் விளக்குகளும் இசைக்கு ஏற்ப ஆடத் தொடங்கின. அதுவரை மக்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அதன்பிறகு நின்று கேட்டார்கள், கூடவே பாடினார்கள்.

65 ஆண்டுக்குப் பின் முதல் இடம்

பாட்டுகளின் கதை விளக்குகளின் கதையைவிட விந்தையானது.

பிரெண்டா லீ என்ற பாடகி 1958-ம் ஆண்டு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 13. துள்ளல் தாளம் கொண்ட ராக் பாட்டு அது. அந்தப் பாட்டு அமெரிக்க இசைப் பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தது எப்போது தெரியுமா? 2023-ம் ஆண்டு டிசம்பரில்! அப்போது பாடகிக்கு வயது 78.

மரியா கேரி என்ற பாடகியின் பாட்டு 1994-ம் ஆண்டு வந்தது. 25 ஆண்டு கழித்து, 2019-ல் முதல் இடம் பெற்றது. 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் அந்த இடத்தை அது மறுபடி பிடித்தது.

இங்கிலாந்தின் 'வாம்' குழுவினர் பாடிய 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' 1984-ல் இரண்டாம் இடத்தோடு நின்றது. எத்தியோப்பியாவில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு உதவப் பல பாடகர்கள் சேர்ந்து பாடிய பாட்டு முதல் இடத்தில் இருந்தது. 'வாம்' குழுவினரும் தங்கள் பாட்டில் கிடைத்த பணத்தைப் பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டு 2021-ம் ஆண்டு ஜனவரியில்தான் முதல் தடவையாக முதல் இடத்துக்கு வந்தது. அதைப் பாடிய ஜார்ஜ் மைக்கேல் அந்தப் பெருமையைப் பார்க்க உயிரோடு இல்லை. 2016-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்றே அவர் காலமாகிவிட்டார்.

காரணம் என்ன?

பழைய பாட்டுகள் திடீரென்று மக்களுக்குப் பிடித்துப்போய்விட்டனவா? இல்லை. எப்போதும் பிடித்துத்தான் இருந்தன. மாறியது கணக்கு.

முன்பு ஒரு குடும்பம் இசைத்தட்டு ஒன்றை ஒரே ஒரு தடவை விலைக்கு வாங்கும். 30 ஆண்டு அதைக் கேட்கும். கடைக்காரர் கணக்கில் அது ஒரே விற்பனைதான். ஆகவே புதிதாக வந்த பாட்டுகளே பட்டியலில் முந்தி நின்றன.

இன்று மக்கள் செல்போனில் பாட்டுக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவை கேட்பதும் கணக்கில் ஏறுகிறது. பாட்டியும் பேரனும் தனித்தனியே கேட்டால் தனித்தனிக் கணக்கு. ஒவ்வொரு தடவைக்கும் சிறு தொகை பாட்டின் உரிமையாளருக்குப் போகிறது. சிறு துளி பெருவெள்ளம்! டிசம்பர் வந்தால் அந்த வெள்ளம் தவறாமல் வருகிறது.

மூன்று தலைமுறைக்கு ஒரு பாட்டு

பூங்கா நடத்துகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். பூங்காவுக்கு யாரும் தனியாக வருவது அரிது. தாத்தா, பாட்டி, தாய், தந்தை, குழந்தைகள் என்று குடும்பமாக வருகிறார்கள். பேரனுக்குப் பிடித்த புதுப்பாட்டு தாத்தாவுக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு எது? ஆண்டுதோறும் வீட்டில் ஒலித்த பழைய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றுதான்!

இதற்குச் சிறந்த உதாரணம் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்ற பாட்டு. அதை இயற்றியவர் இர்விங் பெர்லின். ரஷியாவில் பிறந்து, குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்த யூதர். பிங் கிராஸ்பி என்ற பாடகர் பாடிய அந்த இசைத்தட்டு 1942-ம் ஆண்டு வெளிவந்தது. அது உலகப்போர் நடந்த நேரம். லட்சக்கணக்கான வாலிபர்கள் வீட்டைப் பிரிந்து போர்முனையில் இருந்தார்கள். ஊரையும் உறவையும் நினைக்க வைத்த அந்தப் பாட்டு அவர்கள் நெஞ்சைத் தொட்டது. அந்த இசைத்தட்டு 5 கோடிக்கு மேல் விற்றிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டு நினைவுதான் இந்தப் பாட்டுகளின் உயிர். அந்த நினைவை மக்கள் தங்களோடு கொண்டு வருகிறார்கள். பூங்கா அதைத் தட்டி எழுப்புகிறது. தட்டி எழுப்புவதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறது!

கூலி எவ்வளவு?

புளோரிடா டிஸ்னி பூங்காவில் கிறிஸ்துமஸ் இரவு விருந்து நடக்கிறது. ஊர்வலம், வாணவேடிக்கை, பலகாரம், சுடச்சுடப் பானம் எல்லாம் உண்டு. பகலில் டிக்கெட் வாங்கி வந்தவர்களும் இரவு விருந்துக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டும். 2024-ம் ஆண்டு பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் நாளுக்குத் தக்கபடி 169 டாலர் முதல் 219 டாலர் வரை. கணவன் மனைவி இருவர் மட்டும் போனாலே குறைந்தது 338 டாலர்!

இந்தத் தொகையின் பாரத்தை அந்த ஊர்க் கூலியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதே 2024-ம் ஆண்டு இறுதியில் புளோரிடாவில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 டாலர். அந்தக் கூலி வாங்கும் தொழிலாளி மிகக் குறைந்த விலை டிக்கெட் ஒன்று வாங்க 13 மணி நேரம் உழைக்க வேண்டும். 219 டாலர் டிக்கெட் என்றால் ஏறக்குறைய 17 மணி நேரம். ஓர் இரவு வேடிக்கைக்கு இரண்டு நாள் கூலி! குழந்தைகளையும் அழைத்துப்போனால் ஒரு வாரக் கூலியே கரைந்துவிடும்.

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். டென்னசி மாநிலத்தில் 'டாலிவுட்' என்ற பூங்கா இருக்கிறது. அந்த மலைப்பகுதியில் 12 குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பத்தில் பிறந்து, புகழ்பெற்ற பாடகியான டாலி பார்ட்டன் அதன் பங்காளி. அங்கே கிறிஸ்துமஸ் காலத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட விளக்குகள் எரிகின்றன. விளக்குக் கட்டுவோர், சமையற்காரர், பாடகர், டிக்கெட் கொடுப்பவர் என்று பல பேருக்குக் குளிர்காலத்திலும் அதனால் வேலை கிடைக்கிறது. விளக்கு வியாபாரம் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது.

எது விலைக்கு வரும்?

30 லட்சம் விளக்குகளைக் கட்டப் பெரும் பணம் வேண்டும். ஆட வைக்கக் கம்ப்யூட்டர் வேண்டும். அவற்றை நாடிப் போகிறவர்கள் கட்டணம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 60 ஆண்டுக்கு முன் ஒரு வீட்டில் தாய் முணுமுணுத்த பாட்டை, அவள் மகள் தன் பிள்ளைக்குப் பாடிக் காட்ட எந்த டிக்கெட்டும் வேண்டாம்.

பூங்காக்காரர்கள் கெட்டிக்காரர்கள். மக்கள் மனதில் ஏற்கெனவே இருக்கும் பொருளை அழகாகச் சோடித்து மக்களுக்கே விற்கிறார்கள். அதை வாங்குவதும் வாங்காததும் அவரவர் வசதியைப் பொறுத்தது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். கடன் வாங்கிப் பார்த்த விளக்கு ஜனவரி மாதம் அணைந்துவிடும். பட்ட கடனோ அணையாது!