கரும்பச்சையில் மறையும் பசி

தழைச்சத்து போதாவிட்டால் கோதுமை இலை வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். மணிச்சத்துக் குறைவு அப்படித் தெரிவதில்லை. பயிர் கரும்பச்சையாகச் செழிப்பாகவே நிற்கும். குட்டையாக இருக்கிறதே, தூர் குறைகிறதே என்று உறைப்பதற்குள் தூர் கட்டும் பருவம் போய்விடும். அதன்பின் உரத்தை மேலாகத் தூவியும் பெரிதாகப் பயனில்லை. மணிச்சத்து மண்ணில் நகர்வது மிகக் குறைவு.

ஆகவே, விதைப்புக்கு முன்பே அளந்தாக வேண்டும்.

அதற்கான வழி 1954 முதலே இருக்கிறது. அமெரிக்க மண்ணியலாளர் ஸ்டெர்லிங் ஓல்சனும் அவருடைய குழுவினரும் வகுத்த முறை அது. சோடியம் பைகார்பனேட் கரைசலில் மண்ணைப் போட்டு அரை மணி நேரம் குலுக்கி வடிகட்டுவார்கள். வடிநீரில் மாலிப்டேட் கலந்தால் நீலம் பூக்கும். நீலம் அடர்ந்தால் மணிச்சத்து கூடுதல், வெளிறினால் குறைவு. சுண்ணாம்பு கலந்த வட இந்திய மண்ணுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஹெக்டேருக்குச் சுமார் 10 கிலோவுக்குக் கீழே வந்தால் பற்றாக்குறை என்பது இங்குள்ள கணக்கு.

பயிரையே அரைத்துச் சோதிக்கலாம். ஆனால் வயதைக் கேட்காமல் முடிவைப் படிக்கக் கூடாது. பூக்கும் பயிருக்குப் போதுமான அதே மணிச்சத்து விழுக்காடு, தூர் கட்டும் இளம்பயிரில் கடும் பஞ்சம்.

மண்ணைச் சோதித்து விவசாயிக்கு முடிவை எழுதிக் கொடுக்க 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் நல்ல முயற்சிதான். ஆனால் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்று வைத்தார்கள். நாட்டிலேயே அதிகக் கோதுமை விளையும் உத்தரப் பிரதேசத்தில் சராசரி நில உடைமை, 2015-16 கணக்கெடுப்பின்படி, 0.73 ஹெக்டேர். ஒரே மாதிரிக்குள் மூன்று குடும்பங்களின் வயல் அடங்கிவிடும். ஆண்டுதோறும் மணிச்சத்து உரமான டி.ஏ.பி. போட்டவரின் மண்ணும் வாங்க வழியில்லாதவரின் மண்ணும் கலந்து வரும் சராசரி, இருவருக்குமே தவறான அறிவுரை. முன்னவர் மேலும் கொட்டினால் பயிருக்குத் துத்தநாகம் எட்டாமல் போகும். பின்னவரின் பயிர் பட்டினி கிடக்கும்.

மாதிரி வயலுக்கு வயல் எடுக்கப்பட வேண்டும். கூடவே, வேளாண் அலுவலர்கள் ஊருக்குச் சில வயல்களிலாவது மணிச்சத்து போடாத பாத்தி ஒன்றை விடச் செய்யலாம். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் அங்கும் சமமாகக் கிடைக்கட்டும். மணிச்சத்து இட்ட பாத்தி 100 கிலோ தரும்போது இடாத பாத்தி 95 தந்தால் குறை லேசானது. 60 தந்தால் கடுமையானது. அந்த எண்ணை மண்வள அட்டையிலேயே எழுதிக் கொடுத்தால், அடுத்த நவம்பரில் எத்தனை மூட்டை வாங்குவது என்பதை விவசாயி தன் வயலைக் கொண்டே முடிவு செய்வார்.