தளர்வு யாருக்கு?

சிங்கப்பூரில் கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 ஜூன் 19 முதல் கடைகள் மீண்டும் திறந்தன. உணவகத்தில் ஐந்து பேர் வரை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம் என்றார்கள். தங்கும் விடுதிகளில் இருந்த சுமார் 3 லட்சம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அந்தத் தளர்வு வரவில்லை. தமிழகத்திலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. வேலை, விடுதி, மறுபடி வேலை.

ஓராண்டுக்கு மேல் கழித்து, 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர் வரை லிட்டில் இந்தியா போன்ற இடங்களுக்குப் போய்வர ஒரு முன்னோட்ட அனுமதி. அதுவும் ஆறு மணி நேரம்தான்! ஒரே அறையில் பலரை அடைத்ததால் பரவிய நோய்க்கு, அடைபட்டவர்களையே மேலும் பூட்டிவைத்தது எந்த நியாயம்? அறைகளின் நெருக்கடியை முதலில் குறைத்திருக்க வேண்டும்.