கேஸ் ஒருத்தர் மேல... பி.பி. வீட்டுக்கே!

கண்டிஷன் பெயிலில் வந்தவர் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். நம்மூரில் சகஜமான உத்தரவு இது. ஒரு கையெழுத்துதானே என்று தோன்றும். ஆனால், கம்பம், கூடலூர், தேவாரம் பக்கம் கதையே வேற. இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் விடியும்போதே மலையேறிவிடும். 10.30-க்குக் கையெழுத்து என்றால் அன்றைக்குக் கூலி போச்சு. அப்போ யார் ஜீப் ஏறுவது? உடம்பு முடியாவிட்டாலும் மனைவி, இல்லையென்றால் அம்மா. க.விலக்கு மெடிக்கல் காலேஜில் ஓ.பி.யும் காலையில்தான். சுகர் செக்கப்புக்கு அப்பாவைக் கூட்டிப்போக ஆள் இருக்காது.

இன்னொரு பக்கம், ஹிஸ்டரி ஷீட் உள்ளவர் வீட்டில் ராத்திரி 'செக்கிங்'. போலீஸ் தேடுவது ஒருத்தரை. கதவு தட்டினால் எழுந்து உட்காருவது மொத்த வீடும். தூக்கம் தொடர்ந்து கெட்டால் பி.பி. ஏறும், சுகர் கட்டுக்குள் நிற்காது. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 முதல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது அரசு. அதே வீட்டுக் கதவை ராத்திரி தட்டுவதும் அரசுதான்!

இந்தப் பகுதிக்கு இது புதுசு இல்லை. 'ரேகைச் சட்டம்' என்று மக்கள் சொன்ன குற்றப் பழங்குடிகள் சட்டத்தில், தப்பே செய்யாத பிரமலைக் கள்ளர் ஆண்களும் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. வீட்டில் பிரசவ வலியோ, பிள்ளைக்குக் காய்ச்சலோ, பெண்கள்தான் தனியாகச் சமாளிக்கணும். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

ராத்திரியில் வீடு தேடிப் போகும் உ.பி. போலீஸ் விதியை 1962-லேயே, கரக் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் இன்னொரு தீர்ப்பு. டெல்லி போலீஸ் தன் விதியைத் திருத்தி, அடைக்கலம் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தாலொழிய மைனர் உறவினர்களின் விவரத்தை ஹிஸ்டரி ஷீட்டில் எழுதக் கூடாது என்றது. அதை ஏற்ற நீதிமன்றம், மற்ற மாநிலங்களும் பரிசீலிக்கச் சொன்னது. தமிழ்நாடு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. வீட்டிலிருக்கும் வயசானவர்களும் நோயாளிகளும் என்ன பாவம் செய்தார்கள்? கையெழுத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினால் போலீஸுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. பெயில் கொடுத்த கோர்ட்டிலேயே நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம். கூலி போவதை மட்டும் எழுதாமல், வீட்டு நோயாளியின் ஓ.பி. சீட்டு நகலையும் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.