தொப்புள்கொடி ரத்தம்: யாருக்கான சேமிப்பு?

முதல் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் தம்பதியர் மகப்பேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது, காத்திருக்கும் இடத்தில் ஒரு வண்ணக் கையேடு அவர்களின் கண்ணில் படுவது இன்று வாடிக்கையாகிவிட்டது. குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால், பிற்காலத்தில் வரக்கூடிய பல நோய்களிலிருந்து அதைக் காக்கலாம் என்கிறது அக்கையேடு. கட்டணம் பல்லாயிரம் ரூபாய். தவணை வசதியும் உண்டு. பிள்ளைக்காக எதையும் செய்யத் துணிந்திருக்கும் பெற்றோரிடம், 'இந்த வாய்ப்பு மறுபடி வராது' என்று சொல்லப்படும்போது, மறுப்பது எளிதல்ல.

தொப்புள்கொடி ரத்தம் மதிப்பு மிக்கது என்பதில் ஐயமில்லை. அதில் ரத்தக் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்) செறிந்துள்ளன. இவை தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவற்றை உருவாக்கும் முன்னோடி அணுக்களாகவும் மாறும். நோயுற்ற எலும்பு மஜ்ஜையை அகற்றிவிட்டு இவற்றைச் செலுத்தினால், புதிய ரத்த உற்பத்தியே தொடங்கிவிடும். கேள்வி, இந்த ரத்தத்தால் பயனுண்டா என்பதல்ல. யாருக்குப் பயன் என்பதே.

இதற்கான விடை முதல் சிகிச்சையிலேயே இருக்கிறது. 1988-இல் பாரீஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில், மருத்துவர் எலியான் குளூக்மன் தலைமையிலான குழு, ஃபேன்கோனி ரத்தசோகை என்ற மரபணு நோயால் பாதிக்கப்பட்ட அமெரிக்கச் சிறுவனுக்கு உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையை மேற்கொண்டது. சிறுவன் பிழைத்தான். ஆனால், அவனுக்குச் செலுத்தப்பட்டது அவனுடைய தொப்புள்கொடி ரத்தம் அல்ல. அந்நோய் இல்லாமல் பிறந்த தங்கையினுடையது.

இது தற்செயலானதன்று. தலசீமியா, அரிவாளணு ரத்தசோகை போன்றவை மரபணுக் கோளாறுகள். குழந்தையின் மஜ்ஜையில் இருக்கும் அதே பிழை, அதன் தொப்புள்கொடி ரத்தத்தின் ஒவ்வொரு குருத்தணுவிலும் இருக்கும். அதைத் திரும்பச் செலுத்தினால் நோயும் திரும்ப வரும்.

ரத்தப் புற்றுநோயின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பின்னாளில் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகளிடமிருந்து பிறந்த சில நாள்களில் எடுத்துப் பாதுகாக்கப்பட்ட ரத்தப் பொட்டுகளை, 1990-களின் பிற்பகுதியில் பிரிட்டன் ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். நோய்க்கு வித்திடும் முதல் மரபணு மாற்றம் அப்போதே அவற்றுள் பலவற்றில் இருந்தது தெரியவந்தது. அதாவது, சேமிக்கப்படும் ரத்தத்திலேயே நோயின் விதை இருக்கக்கூடும். மேலும், பிறருடைய வெள்ளையணுக்கள் எஞ்சிய புற்றணுக்களை அந்நியமாகக் கருதித் தாக்கும். சொந்த அணுக்கள் அப்படிச் செய்வதில்லை.

எனவேதான், தன் தொப்புள்கொடி ரத்தம் முதல் 20 ஆண்டுகளுக்குள் தனக்கே தேவைப்படும் வாய்ப்பு 2,500-இல் ஒன்று முதல் 2 லட்சத்தில் ஒன்று வரைதான் என்று இந்தியக் குழந்தைகள் மருத்துவக் கழகம் 2018-இல் சுட்டிக்காட்டியது. எதிர்காலச் சொந்தப் பயன்பாட்டுக்காக இதைச் சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் தெரிவித்துள்ளது. ஆட்டிசம் போன்றவற்றுக்கும் இந்த ரத்தம் தீர்வாகும் என்ற நம்பிக்கையும் விதைக்கப்படுகிறது. ஆட்டிசத்துக்குக் குருத்தணு சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022-இல் தெளிவுபடுத்திவிட்டது.

அதிகம் பேசப்படாத இன்னொரு கோணமும் உண்டு. குழந்தை பிறந்த பிறகும் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு ரத்தம் பாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே, குறைந்தது ஒரு நிமிடமாவது கழித்தே கொடியைக் கவ்வியிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதனால் குழந்தையின் இரும்புச்சத்து இருப்பு கூடுகிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். சேமிப்புப் பைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும் என்பதற்காகக் கொடியை முன்கூட்டியே கவ்வியிட்டால், என்றோ வரக்கூடும் என்னும் நோய்க்காக இன்றைய உறுதியான நன்மையைப் பறிப்பதாகாதா?

தனியார் வங்கிகள் அரசின் உரிமம் பெற்றுத்தானே இயங்குகின்றன என்று கேட்கலாம். உரிமம் என்பது ரத்தத்தைச் சேகரித்து, பரிசோதித்து, உறைநிலையில் காக்கும் முறைக்கானது; அது பயன்படும் என்பதற்கான உத்தரவாதம் அல்ல. இந்த வேறுபாடு பெற்றோருக்கு விளக்கப்படுவதில்லை. உறுப்பினர்கள் அனைவரின் சேமிப்பையும் பொதுத்தொகுப்பாக்கிப் பகிரும் திட்டங்களும் இப்போது வந்துள்ளன. சொந்தச் சேமிப்பு மட்டும் போதாது என்பதை இதன் மூலம் அத்துறையே ஒப்புக்கொள்கிறது. எனினும், பணம் செலுத்தியோர் மட்டுமே பங்குபெறும் தொகுப்பு பொதுவங்கி ஆகிவிடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மூத்த குழந்தைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால், பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பது நியாயமானது. உடன்பிறந்தோரிடையே முழுப் பொருத்தம் அமைய நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ளது. பெற்றோரின் பாதிப் பொருத்தம் உள்ள குருத்தணுக்களைக் கொண்டே சிகிச்சை அளிக்கும் முறைகளும் இன்று வளர்ந்துவிட்டன.

மற்றவர்களுக்கு உண்மையான காப்பு, கொடையாளர் பதிவேடுதான். திசுப் பொருத்தம் பெரும்பாலும் ஒரே இனக்குழுவைச் சேர்ந்தவர்களிடையே அமைவதால், இந்திய நோயாளிக்கான கொடையாளர் இந்தியாவில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். 2009-இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தாத்ரி' பதிவேட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துள்ளனர். 140 கோடி மக்கள் வாழும் நாட்டில் இது மிகக் குறைவு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தாலே பதிவு முடிந்துவிடும். செலவும் வலியும் இல்லை.

ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நிகழும் தமிழ்நாட்டில், தெளிவான தகவலைப் பெற்றோரிடம் சேர்ப்பது கடினமன்று. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிலைப்பாட்டைத் தமிழில் அச்சிட்டு, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் அளிப்பதைச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும். மிகைப்படுத்தும் விளம்பரங்களைத் தடுக்க, வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு தரப்பட வேண்டும். சேமிப்புத் திட்டத்தில் மருத்துவமனைக்குப் பங்குத்தொகை உண்டெனில், அதைப் பெற்றோரிடம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

1988-இல் ஒரு சிறுவனைக் காத்தது இன்னொரு குழந்தை கொடுத்த ரத்தம். குருத்தணு சிகிச்சையின் அடித்தளம் கொடைதான். அதைத் தனித்தனிப் பெட்டகங்களில் பூட்டிவைக்கும் வணிகம் பெற்றோரின் அச்சத்தைத்தான் முதலீடாக்குகிறது; குழந்தையின் நலனை அல்ல.